சும்மா எடுத்தது

பாகாயம் போகும் பேருந்தின் ஜன்னலில்தான் முதலில் பார்த்தேன்.
இருபதடி பேனர். என் ஆறு.
மூன்று வருடம் முந்தைய நவம்பரில்
பாலாறு கரை தட்டி ஓடிய நாலாம் நாள்
விரிஞ்சிபுரத்துக்குக் கிழக்கே
முழங்கால் சேற்றில் நின்று எடுத்தது.
அதன்மேல் மஞ்சள் எழுத்தில்:
ஆற்றோரம் ஓர் அமைதியான வாழ்வு,
சதுர அடி எழுநூற்றைம்பது முதல்.

படத்தில் ஒரு முதுகு உண்டு.
தலையில் துண்டு, கையில் அறுந்த ஒயர்.
மோட்டார் கொட்டாயை ஆறு கொண்டுபோன இடத்தைப்
பார்த்துக்கொண்டு நிற்கிறார்.
பேனரில் அவர் காற்று வாங்குகிறார்.
ஒயரை அழித்துவிட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஏழாம் எண் கவுண்டர்.
பஞ்சுக்கும் ஊசிக்கும் படுக்கைக்கும்
விலை தெரியும் எனக்கு.
அசாமிலிருந்து வந்தவருக்கும் ஆம்பூர்க்காரருக்கும்
ஒரே குரலில் தொகையைச் சொல்வேன்.
ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமரா, ஸ்கூட்டி,
ஒரு பாட்டில் தண்ணீர்.

மனை அலுவலகம் காட்பாடியில், ஏசி.
மேலாளர் தேவசகாயம் எழுந்தே நின்றார்.
"நீங்க எடுத்ததா மேடம்? சூப்பர் மேடம்.
சும்மா எடுத்ததுதானே, தொழில் இல்லையே?
மூலையில உங்க பேரு போட்டுடறோம்."

சும்மா.
அந்தச் சொல்லைப் பின்சீட்டில் உட்காரவைத்து
லாங் பஜார் வரை ஓட்டிவந்தேன்.
சேறு சும்மா. சேற்றோடு போன செருப்பு சும்மா.
லென்ஸுக்கு இன்னும் நாலு தவணை, அதுவும் சும்மா.
ஆனால் நிஜமாகவே சும்மாதான் எடுத்தேன்,
அதுதான் சிக்கல்.

தஸ்தகீர் தன் ஸ்டுடியோவில்
பாஸ்போர்ட் படம் வெட்டிக்கொண்டிருந்தார்.
கத்தரியை நிறுத்தவில்லை.
"போன மாசம் இதே ஆளுங்க இங்க வந்தாங்க.
எட்டாயிரம் சொன்னேன். யோசிச்சு சொல்றோம்னாங்க.
எங்க போய் யோசிச்சாங்கன்னு இப்பதான் தெரியுது.
உனக்குப் பொழுதுபோக்கும்மா.
எனக்கு அடுப்பு எரியணும்.
நீ கேக்காம வுடற ஒவ்வொரு காசும்
என் கல்லாவுலேர்ந்து போறது."

ராத்திரி பில் எழுத உட்கார்ந்தேன்.
விவரம்: வெள்ளம். அளவு: ஒன்று.
விலைக் கட்டத்தில் பேனா நின்றது.
தண்ணீருக்கு நான் யாரிடம் கட்டினேன்?
முதுகுக்கு?
எட்டாயிரம் என்று எழுதினேன்.
தஸ்தகீருக்காக, என்று சொல்லிக்கொண்டேன்.
பாதி பொய்.

மூன்று முறை போய் நின்றதில் ஐயாயிரம் வந்தது.
மூலையில் பெயரும் வந்தது.
பியூலா என்பதைப் பீலா என்று போட்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு
இரண்டாயிரத்து ஐந்நூறைக் கவரில் போட்டுக்கொண்டு
முதுகைத் தேடிப் போனேன்.
முனிரத்தினத்தின் மனைவிதான் கண்டுபிடித்தாள்.
"இவுருதான். இந்தக் கட்டம் போட்ட துண்டு
எங்கண்ணன் வச்சுக் குடுத்தது."
அவர் என் போனில் பேனரைப் பெரிதாக்கினார்.
"ஒயரு எங்க?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கவரைப் பிரித்து எண்ணினார்.
"முதுகுக்கு இவ்ளோ துட்டா?"
ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தார், பெட்ரோலுக்கு.
பிறகு, கொஞ்சம் தயங்கி:
"மனையெல்லாம் வித்துட்டா
அந்த பேனர இன்னா பண்ணுவாங்க?
மாட்டுக் கொட்டாய் மேல போடலாம்,
கெட்டியாக் கீது."

ஆடியில் கிடைத்தது.
இப்போது ஆறு கூரையில் கவிழ்ந்து கிடக்கிறது,
படம் உள்பக்கமாக.
மாடு அண்ணாந்தால் வெள்ளம்.
பீலாவின் குறுக்கே கயிறு போகிறது.

போன வாரம் மழை.
ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று போன் செய்தார்.
அந்தக் கூரையை ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்றேன்.
"எவ்ளோ குடுப்ப?" என்றார்.
சிரித்தபடி கேட்டாரா
என்று போனில் தெரியவில்லை.